தானாச் சாவற செல்லும் மச்சான் போட்ட எர்த்தும்

எனக்குத் தொண்டையில கேன்சருன்னு ரிப்போர்ட்டு வந்த அன்னிக்கு எங்க தெருவுல நாலஞ்சு ஊட்டுலயாவது உள்ளுக்குள்ள சந்தோசப்பட்டிருப்பாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேனுங்க. சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் நடுவுல கவர்மெண்ட் பஸ்ஸுல கண்டக்டரா இருந்தவன் நான். வளைவுக்கு வளைவு வாந்தி எடுக்கறவங்க, பத்து ரூவா டிக்கெட்டுக்கு ஐநூறு ரூவா நோட்டை நீட்டற சீமான்க, படிக்கட்டுல தொங்கற காலேஜ் பசங்க, எல்லாரையும் வாயாலயே ஏத்தி வாயாலயே எறக்கினவன். ரிட்டயர் ஆன பொறவும் அந்தச் சத்தம் கொறையல. குழாயில தண்ணி வரலைன்னாலும், பக்கத்து ஊட்டு நாய் கொலைச்சாலும் என் கருத்தைத் தெருவுக்கே கேக்கற மாதிரித்தான் சொல்லுவேன்.

அந்தத் தொண்டை கம்மிப் போச்சு. பனி ஒத்துக்கலைன்னாங்க. ஏற்காட்டுலயே காலம் பூரா கெடந்தவனுக்குத் திடீர்னு பனி ஒத்துக்கலையாம். நானும் நம்பி மிளகுக் கசாயம் குடிச்சேன். எங்க ஊருல தொண்டைக்கும் மிளகு, வயித்துக்கும் மிளகு, மருமக கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாலும் மிளகுதான். எத்தனை குடிச்சும் குரல் திரும்பல, அதுக்குப் பதிலா கழுத்துல ஒரு நெறி கட்டிக்கிச்சு. அதுக்கப்புறந்தான் என் சம்சாரம் இழுத்துக்கிட்டுப் போகாத கொறையா சேலத்துல ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா.

அங்க ஒரு டாக்டரம்மா. சின்ன வயசு. மூக்கு வழியா ஒரு குழாயை உட்டு உள்ள பாத்தாங்க, துளி சதையைக் கிள்ளி எடுத்தாங்க, ரிப்போர்ட்டு வந்ததும் ரெண்டு பேரையும் உக்கார வெச்சுச் சொன்னாங்க.

"குரல்வளையில கட்டி இருக்குதுங்க ஐயா. முதல்ல கதிர் வைப்போம். முடிச்சு மூணு மாசம் போல விட்டுத் திரும்ப உள்ள பாப்போம். கட்டி போயிருந்தாப் பிரச்சினை இல்ல, குரல் தப்பிக்கும். இருந்துச்சுன்னா குரல்வளையவே எடுத்தாகணும்."

"எடுத்துட்டா?"

"கழுத்துல ஒரு ஓட்டை வெச்சு அது வழியா மூச்சு விடுவீங்க. இப்பப் பேசற மாதிரிப் பேச முடியாதுங்க."

அப்பத்தான் எனக்குப் பயமே வந்துதுங்க. கேன்சருன்னு சொன்னப்பக்கூட வரல. உசுரு போனாப் போவுதுன்னு வீராப்பாச் சொல்லிக்கலாம், அதைச் சொல்லறதுக்காவது வாய் வேணுமில்ல? வாய் போயி உசுரு மட்டும் இருந்தா நான் யாரு? ஊட்டுல ஒரு மூலையில நிக்கற பீரோ. அதைத் தொறக்கறப்பவாவது ஒரு சத்தம் வரும்.

சரி, கதிர் வெக்க ஆரம்பிச்சாங்க. எங்க பக்கம் அதுக்குக் கதிருன்னு யாரும் சொல்லறதில்லை, கரண்ட் வெக்கறதுன்னுதான் பேரு. பால்காரர்ல இருந்து ரேசன் கடை வரைக்கும் ஒரே கேள்வி: "ஏனுங்க, கரண்ட் வெச்சாச்சுங்களா?" ஒருத்தர் எத்தனை வோல்ட்டுன்னே கேட்டாரு. பேசாதீங்கன்னு டாக்டரம்மா சொல்லியிருந்ததால அவரு தப்பிச்சாரு.

இந்த எடத்துல என் மச்சானைப் பத்திச் சொல்லியே ஆகணும். சம்சாரத்தோட அண்ணன். எஸ்டேட்டுல தண்ணி மோட்டார் பாத்துக்கறவரு. ரெண்டு மூணு வாட்டி ஒயரை மாத்திக் கட்டி மோட்டாரு ஓடிட்டதால, கரண்டைப் பத்தித் தனக்குத் தெரியாதது பூமியில ஒண்ணும் பாக்கி இல்லைன்னு முடிவு பண்ணிட்ட மனுசன். ஆனா ஒண்ணு, பொய் சொல்லக் கூடாது. வேலைக்கு லீவைப் போட்டுட்டு என்கூடத் தெனமும் காலைப் பஸ்ஸுல சேலம் வந்து, வெயில்ல வதங்கி, சாயங்காலம் மலை ஏத்திக் கூட்டிட்டு வந்தவரு அவருதான். பெத்த புள்ளைங்க ரெண்டும் திருப்பூர்ல இருந்துக்கிட்டு வீடியோ காலுல அழுதுதுங்க.

மச்சான் மெசின் ரூமுக்கு வெளிய பெஞ்சுல உக்காந்து எல்லாத்தையும் கவனிப்பாரு. என்னைப் படுக்க வெச்சு, மூஞ்சியையும் கழுத்தையும் அசையாம வெக்க ஒரு வலை முகமூடியைப் போட்டு மேசையோட பூட்டுவாங்க. பூட்டிட்டு எல்லாரும் வெளிய வந்துருவாங்க. தடிக்கதவு சாத்திக்கும், கதவு மேல செவப்பு லைட்டு எரியும். கொஞ்ச நேரத்துல முடிஞ்சிரும். வலி இல்ல, சூடு இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அதுதான் மச்சானுக்குச் சந்தேகம்.

"எல்லாரும் வெளிய ஓடிட்டு உங்களை மட்டும் உள்ள வெச்சுப் பூட்டறாங்கன்னா மாப்ள, அது சாதாரணக் கரண்ட் இல்லீங்க. எச்சு வோல்ட்டு, பவரு ஜாஸ்தி."

எனக்கு வேற சந்தேகம். ரெண்டு வாரம் ஆச்சு, கழுத்துல நெறி வெச்ச எடத்துல அப்படியே கெடக்குது. தொண்டை மட்டும் புண்ணாயிருச்சு. எச்சில் வத்திப் போச்சு. ஒரு வாய் சோறு எறங்கறதுக்கு ஒரு சொம்பு தண்ணி வேணும். டாக்டரம்மாகிட்டக் கம்மின குரல்ல கேட்டே போட்டேன்.

"ஏனுங்க டாக்டரம்மா, நீங்க கட்டியைத்தான எரிக்கறீங்க? நல்லா இருந்ததெல்லாம் போச்சு, அது மட்டும் குத்துக்கல்லாட்ட உக்காந்திருக்குதே?"

அவங்களுக்குச் சிரிப்பு வந்துருச்சு. நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தாங்க.

"எரிக்கறதெல்லாம் இல்லீங்க ஐயா. செல்லுக்கு உள்ள டி.என்.ஏ.ன்னு ஒரு இழை இருக்கும், அது எப்படி வேலை செய்யணும், எப்பப் பெருகணும்னு எல்லாம் அதுலதான் இருக்கும். கதிர் அந்த இழையை அறுத்து உடுது, அவ்வளவுதான். மீதியைச் செல்லே பண்ணிக்கும். இழை அறுந்தா அதைக் கண்டுபிடிக்கன்னே உள்ள ஒரு புரோட்டீன் இருக்கு, பி ஐம்பத்தி மூணுன்னு பேரு. அது செல்லைப் பெருக உடாம நிறுத்தும். ஒட்ட முடியுமான்னு பாக்கும். முடியாதுன்னு தெரிஞ்சா, நீ செத்துருன்னு உத்தரவு போட்டுரும்."

"போட்டா?"

"செத்துரும். தானாவே. உள்ளயே கத்திரிக்கோல் மாதிரி சில என்சைம்கள் சும்மா மடங்கிக் கெடக்கும். அது முழிச்சுக்கிட்டு எல்லாத்தையும் துண்டு துண்டா வெட்டும். செல்லு சுருங்கி, சின்னச் சின்னப் பொட்டலமா தன்னையே கட்டி வெச்சுரும். பக்கத்துல இருக்கற செல்லுங்க அதைச் சாப்பிட்டுரும். சீழு இல்ல, வீக்கம் இல்ல, ஒரு சத்தம் இல்ல."

எனக்கு டக்குனு புரிஞ்சு போச்சுங்க. எங்க டிப்போவுல நடக்கறதுதான். வண்டி அடிபட்டு வந்தா முதல்ல ஒர்க்சாப்புல நிறுத்துவாங்க. இன்ஸ்பெக்டரு பாப்பாரு. தேறுமுன்னா தட்டி நிமித்தி ரோட்டுக்கு உடுவாங்க, தேறாதுன்னா இனி ஓடாதுன்னு எழுதிக் கண்டம் பண்ணிருவாங்க. கண்டமான வண்டியைச் சும்மா உட மாட்டாங்க, கண்ணாடி ஒரு வண்டிக்கு, சீட்டு ஒரு வண்டிக்குன்னு பிரிச்சு மாட்டிருவாங்க. இத்தனை காலமா என் உடம்புக்குள்ளயே ஒரு டிப்போ நடந்திருக்குது, அதுவும் கவர்மெண்ட் டிப்போவை விட ஒழுங்கா. இதை அவங்ககிட்டயும் சொல்லிட்டுக் கேட்டேன்.

"அப்பக் கேன்சரு செல்லுல இன்ஸ்பெக்டரு என்ன பண்ணிட்டிருந்தாரு?"

"நெறையக் கேன்சர்ல அவரே கெட்டுப் போயிருப்பாருங்க ஐயா. அதனாலதான் அது கேன்சர். இழை அறுந்தாலும் அது பாட்டுக்கு ஓடும். அப்புறம் பெருகப் போறப்பத்தான் உள்ள இருக்கறதெல்லாம் தாறுமாறாகிச் சாவும். அதுக்கு வாரக்கணக்காகும். உங்க எச்சில் சுரப்பி அப்படி இல்ல, கொஞ்சம் அடிபட்டாலே உத்தரவுக்குக் கட்டுப்பட்டுப் போயிருது."

பாத்தீங்களா நாயத்தை! ஒழுங்கா இருந்தவன் முதல் நாளே மரியாதையாச் செத்துப் போறான். திருட்டுப்பயலுக்கு மட்டும் தெனமும் போயி, "சாமி, தயவு பண்ணிச் செத்துப் போப்பா"ன்னு கெஞ்சணும். அதுவும் கொஞ்சம் கொஞ்சமாத்தான் வெக்கணுமாம். நல்ல செல்லு இடையில ஒட்டிக்கும், கெட்டதுக்கு அந்தத் தெறமை கொறைச்சலாம். ஆனா இடையில நாள் உட்டா அதுவும் ஒட்டிக்கும், மறுபடி பெருக ஆரம்பிச்சுரும். அதைத்தான் டாக்டரம்மா விரலை நீட்டிச் சொன்னாங்க.

"என்ன ஆனாலும் லீவு போட்டுராதீங்க. அப்புறம், உங்க உடம்புல கதிர் எதுவும் தங்காது. யார் வேணா தொடலாம், கூடப் படுக்கலாம்."

இந்தக் கடைசி விசயத்தைச் சம்சாரத்துக்கிட்டச் சொன்னேன். தலையை ஆட்டினா. நம்பலைன்னு தெரிஞ்சுது. தட்டை அரையடி தள்ளித்தான் வெச்சா.

அப்பத் தை மாசம். மழை இல்லாத வறட்டுக் குளுரு. ஒரு நாள் பொழுது சாயற நேரத்துல ஆஸ்பத்திரியில இருந்து வந்து, சுவட்டரைத் தலை வழியாக் கழட்டினேன். பாலியஸ்டரு சுவட்டரு, சடசடன்னு சத்தம் வந்துது. காப்பி டம்ளரோட வந்த சம்சாரம் கை என் கையில பட்டுது. சுளீர்னு ஒண்ணு அடிச்சுது பாருங்க, அவ போட்ட சத்தத்துல டம்ளரு ஒரு பக்கம், காப்பி ஒரு பக்கம்.

அவ்வளவுதான். சுவட்டர்னால வந்ததுன்னு சொல்லலாமுன்னா தொண்டையில சத்தம் வரல. அன்னிக்கு அவ பாயை எடுத்துக்கிட்டுச் சமையக்கட்டுல போயிப் படுத்துக்கிட்டா. எனக்கு அழுகை வந்துருச்சுங்க. தொண்டையில புண்ணு, எச்சில் இல்ல, நாளைக்குக் குரல் இருக்குமான்னு தெரியல. அந்த நேரத்துல கட்டின பொண்டாட்டி தொடப் பயந்தா மனுசன் எங்க போவான்?

விடியங்காட்டி மச்சான் வந்து நின்னாரு. தங்கச்சி போனைப் போட்டிருக்கா. கையில டார்ச்சு லைட்டு, மூஞ்சியில டாக்டரே பாக்காததைத் தான் பாத்துட்ட பெருமை.

"நான் அன்னிக்கே நெனைச்சனுங்க மாப்ள. இத்தனை கரண்ட் உள்ள ஏத்தறாங்களே, எறங்கறதுக்கு வழி எங்கன்னு. ஒரு மோட்டாரு மாட்டினாக்கூட எர்த் போடாம உட மாட்டோம். மனுசனுக்கு எர்த் வேண்டாமுங்களா?"

"உடம்புல தங்காதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க மச்சான்."

"அவங்க படிச்சது உடம்பைப் பத்திங்க. கரண்டைப் பத்தி அவங்களுக்கு என்ன தெரியும்?"

அப்பத்தான் சம்சாரம் வாசப்படியில நின்னுக்கிட்டு, "அண்ணன் சொல்லறதைக் கேளுங்களேன், உங்களுக்குப் புண்ணியமாப் போவும்"ன்னா. கண்ணெல்லாம் செவந்திருந்துது. இவ அவங்க அண்ணன் வாயால வந்தாத்தான் எதையும் நம்புவா, கரண்ட் எறங்கிருச்சுன்னு அந்த ஆளு சொன்னாத்தான் என் பக்கத்துல வருவான்னு புரிஞ்சுது. சரி போன்னு கெளம்பினேன்.

எஸ்டேட்டு மோட்டாரு ரூமுக்குப் பின்னால எர்த் குழி. உப்பும் அடுப்புக்கரியும் போட்டுத் தண்ணி ஊத்தி வெக்கற குழி, தெரிஞ்சிருக்கும். காப்பிச் செடி எலையில இருந்து பனி சொட்டுது. மச்சான் குழியை அகலமா வெட்டி, புதுசா உப்பும் கரியும் கொட்டி, ரெண்டு குடம் தண்ணி ஊத்தித் தயாரா வெச்சிருந்தாரு. வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கிட்டு, செருப்பைக் கழட்டிட்டு, முழங்கால் மட்டும் உள்ள எறங்கி நின்னேன். கவர்மெண்ட் சம்பளம் வாங்கினவன், டி.என்.ஏ. இழையைப் பத்தி அத்தனை வெளக்கமாக் கேட்டவன், உப்புத் தண்ணியில நிக்கறேன். மச்சான் மோட்டாரு ஒயருக்கு வெக்கற டெஸ்டரை என் தோள்ல வெச்சுப் பாத்தாரு. லைட்டு எரியல.

"எறங்கிருச்சு மாப்ள!" நெசமான சந்தோசம் அந்த மூஞ்சியில.

நான் குழியில எறங்கறதுக்கு முன்னாடி வெச்சா டெஸ்டரு எரியுதான்னு பாத்திருக்கலாம். அதெல்லாம் கேக்கப்படாது.

தெனமும் காலையில பஸ்ஸுக்கு முன்னாடி இந்தப் பூசை நடந்துது. சம்சாரம் பாயைப் பழைய எடத்துக்குக் கொண்டாந்துட்டா, அது ஒண்ணுதான் லாபம். அந்த வாரக் கடைசியில சளி நெஞ்சுல எறங்கிருச்சு. காய்ச்சல்னா அப்படி ஒரு காய்ச்சல். இருமற இருமல்ல முகமூடி போட்டு ஒரு நிமிசம் அசையாமப் படுக்க முடியல. ரெண்டு நாளு போயிப் பாத்துட்டுத் திருப்பி அனுப்பிட்டாங்க. அப்புறம் வார்டுலயே படுக்க வெச்சு மருந்து ஏத்தினாங்க. கதிரு நின்னு போச்சு.

டாக்டரம்மா வந்து, "இந்தக் குளுருல எங்கங்க ஐயா போனீங்க?"ன்னு கேட்டாங்க. மச்சான் மார்பை நிமித்திக்கிட்டு, எர்த் குழியில இருந்து டெஸ்டரு வரைக்கும் ஒண்ணு உடாமச் சொன்னாரு. அவங்க திட்டுவாங்கன்னு பாத்தேன். திட்டல. அவரு பக்கம் திரும்பி மெதுவாச் சொன்னாங்க.

"அண்ணா, தெனமும் நாங்க அந்தக் கட்டியில இழையை அறுத்துக்கிட்டே வந்தோம். அதுங்க சாவப் போற நேரத்துல இடைவெளி விழுந்துருச்சு. இந்த நாளெல்லாம் அதுங்க அறுந்ததை ஒட்டிக்கும், பெருகும். இனி என்ன ஆகும்னு என்னால சொல்ல முடியாது. அவரு குரலு போனாலும் போயிரும்."

மச்சான் எந்திரிச்சு வராந்தாவுக்குப் போனாரு. அங்க சொவத்தைப் பாத்துக்கிட்டு நின்னவரு, சாயங்காலம் வரைக்கும் திரும்பவே இல்ல. எனக்கு அந்த நேரத்துல அவரு கழுத்தைத் திருகணும்னு இருந்துது. அத்தனை ஆத்திரம். இந்தாளு மூளைக்கு எவன் எர்த் போடறதுன்னு படுத்த வாக்குல பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தேன்.

காய்ச்சல் உட்டதும் கதிர் திரும்ப ஆரம்பிச்சாங்க, உட்ட நாளுக்குச் சேத்து வெச்சு ஒரு வழியா முடிச்சாங்க. அந்த நாள்ல மச்சான் கூட வரல. மகனைத் திருப்பூர்ல இருந்து வரச் சொல்லி அவருதான் போன் போட்டிருக்காரு. எங்க ஊட்டுப் பக்கமே எட்டிப் பாக்கல. எதுக்க வந்தாக் காப்பித் தோட்டத்துக்குள்ள எறங்கிப் போயிருவாரு. அத்தனை பெரிய மனுசன் செடிக்குப் பின்னால குனிஞ்சு நிக்கறதை நான் ரோட்டுல இருந்தே பாத்திருக்கேன்.

அப்புறம் காத்துக் கெடக்கறது. அதை மாதிரி ஒரு கொடுமை கெடையாது. மெசின் நின்ன பொறவும் செல்லு செத்துக்கிட்டேதான் இருக்குமாம், அவசரப்படக் கூடாதாம். இதை நம்ம சனத்துக்கிட்டச் சொல்ல முடியுமா? செடிக்கு மருந்தடிச்சா மறுநாளு எலை கருகியிருக்கான்னு பாக்கற சனம். வர்றவங்க அத்தனை பேரும் என் கழுத்தைத் தக்காளியாட்ட அமுக்கிப் பாத்து, "அப்படியேதான இருக்குதுங்க"ன்னு ஆறுதல் சொல்லிட்டுக் காப்பி குடிச்சுட்டுப் போனாங்க. பேசக் கூடாதுன்னு நான் பழைய விசிலை எடுத்து ஊதிச் சம்சாரத்தைக் கூப்பிட்டேன், ஒரு நாளு பொறுத்துப் பாத்துட்டு அதைக் கெணத்துல போட்டுட்டா. காலையில எந்திரிச்சதும் மெதுவா ஒரு 'ம்' சொல்லிப் பாப்பேன். தெனமும் அதேதான், பழைய தகரத்தைத் தேய்க்கற சத்தம். உள்ள ஒட்டிக்கிட்டாங்களா, செத்துட்டு இருக்காங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்? சத்தமில்லாமச் சாவறதுதான் அதுங்க பழக்கமாச்சே.

திரும்ப உள்ள பாக்கற நாளு வைகாசியில வந்துது. சேர்வராயன் கோயில் திருவிழா, நோம்பிக் கூட்டம், மேல வர்ற பஸ்ஸெல்லாம் பிதுங்குது, கீழ போற பஸ்ஸு காலி. நானும் சம்சாரமும் ஏறி உக்காந்தோம். வண்டி கெளம்பற நேரத்துல பின்பக்கப் படியில ஒரு ஆளு ஏறிக் கடைசி சீட்டுல உக்காந்துது. மச்சான். எங்களைப் பாக்காத மாதிரி சன்னலுக்கு வெளிய பாத்துக்கிட்டு வந்தாரு. சம்சாரம் என் கையைப் புடிச்சா. நான் திரும்பல.

மூக்குல குழாய் போச்சு. டாக்டரம்மா கண்ணைச் சுருக்கிக்கிட்டுத் திரையைப் பாத்தாங்க.

"ஈ சொல்லுங்க."

"ஈ..."

"இன்னொருக்கா. நீளமா."

சொன்னேன். கழுத்தைத் தடவிப் பாத்தாங்க, ஸ்கேன் படத்தை லைட்டுல வெச்சுப் பாத்தாங்க. இத்தனை வருசம் ஊரையே வாயால ஓட்டினவனுக்கு ஒரு 'ஈ'யிலதான் எல்லாம் இருக்குதுன்னா, அந்த ஆண்டவனை என்னன்னு சொல்ல?

"கட்டி இல்லீங்க ஐயா. நெறியும் போயிருச்சு. தொடர்ந்து பாத்துக்கிட்டே இருக்கணும். ஆனா இன்னிக்குக் குரல்வளைய எடுக்க வேண்டிய அவசியம் இல்ல."

சம்சாரம் ஓன்னு அழுதுட்டா. நானும்தான். வெக்கம் என்ன இதுல?

வராந்தாவுல மச்சான் பெஞ்சு நுனியில உக்காந்திருந்தாரு. எங்களைப் பாத்ததும் எந்திரிச்சாரு. சம்சாரம் மூஞ்சியெல்லாம் கண்ணீரா இருக்கறதைப் பாத்து வேற மாதிரி நெனைச்சுட்டாரு. ஆளு அப்படியே வெளுத்துப் போயிச் சொவத்தைப் புடிச்சாரு.

"போயிருச்சுங்களா மாப்ள? குரலு போயிருச்சுங்களா?"

நான் வாயைத் தொறந்தேன். எத்தனையோ மாசமாச் சேத்து வெச்சிருந்தது அத்தனையும் தொண்டையில வந்து முட்டுது, எதை முதல்ல சொல்றதுன்னு தெரியல. கரகரன்னு, ஒடைஞ்சு, யாரோ வேற ஆளு பேசற மாதிரி ஒரு குரலு வந்துது.

"யோவ் மச்சான், அறிவு கெட்ட மனுசா! மோட்டாருக்கும் மனுசனுக்கும் வித்தியாசம் தெரியாத உம்மையெல்லாம் எவன்யா எஸ்டேட்டுல வெச்சிருக்கான்?"

அவரு என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டாரு. "இன்னும் திட்டுங்க மாப்ள"ன்னாரு. "நல்லாத் திட்டுங்க."

திட்டினனுங்க. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் திட்டினேன், பஸ்ஸுல ஏறி உக்காந்து திட்டினேன், அடிவாரம் தாண்டி மலை ஏற ஏற மூச்சு வாங்கி நிறுத்தி நிறுத்தித் திட்டினேன். நோம்பிக்குப் போற சனமெல்லாம் திரும்பித் திரும்பிப் பாத்துது. மச்சான் எனக்கும் அவரு தங்கச்சிக்கும் நடுவுல உக்காந்துக்கிட்டு, நான் நிறுத்தற போதெல்லாம் தண்ணி பாட்டிலைத் தொறந்து என் கையில கொடுத்தாரு.